நத்தார் காலத்தில் அம்மாவையும் அழைத்துக்கொண்டு சிங்கப்பூர் செல்லலாமா?

நோர்வூட் ஆசிரியர்:

அனைவருக்கும் வணக்கம். ஹட்டனுக்கு அப்பால் நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்து, இப்போது அதே பகுதியில் ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். இவ்வாண்டு நத்தாரை ஒட்டி, டிசம்பர் 21ஆம் திகதி முதல் 27ஆம் திகதி வரை, குடும்பத்தோடு சிங்கப்பூர் சென்றுவர எண்ணியிருக்கிறோம். நானும் மனைவியும், ஏழாம் தரத்திலும் நான்காம் தரத்திலும் படிக்கும் இரண்டு பிள்ளைகளும், என் அம்மாவுமாக ஐந்து பேர். எங்களில் எவருமே இதுவரை விமானம் ஏறியதில்லை.

என் கேள்விகள் பெரும்பாலும் அம்மாவைப் பற்றியவை. அவருக்கு வயது 67. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தவர். நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயாக உயர்ந்த 2021ஆம் ஆண்டுக்கு முன்னரே ஓய்வு பெற்றுவிட்டார். ஜூன் 13இல் கொச்சிக்கடை அந்தோனியார் திருவிழாவுக்கும், முடிந்த ஆண்டுகளில் ஆகஸ்ட் மாதம் மடு மாதா திருவிழாவுக்கும் போய் வந்ததைத் தவிர, அவர் தனக்கென்று ஒரு பயணம் போனதாக எனக்கு நினைவில்லை. கடந்த நத்தாருக்குச் சில நாட்கள் முன்னர் சின்ன மகள் தொலைபேசியில் சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் சாலையின் விளக்கு அலங்காரத்தை அவருக்குக் காட்டினாள். அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இன்னொருக்கா காட்டு" என்றார். மூன்று முறை பார்த்தார். அன்றைக்கே நான் முடிவு செய்துவிட்டேன்.

அவருக்கு இரண்டு முழங்கால்களிலும் வலி உண்டு. கால் மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து நடக்க இயலாது. இரத்த அழுத்தத்துக்கும் வலிக்கும் மாத்திரை எடுக்கிறார். வெற்றிலை போடாமல் இருக்கமாட்டார், அதிலும் புகையிலை இல்லாமல் போடமாட்டார். நத்தார் இரவில் தமிழில் திருப்பலி காணக் கிடைக்குமா என்பதுதான் அவர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி. அந்த நாட்களில் கூட்டம் எப்படி இருக்கும், எங்கே தங்கினால் அவருக்கு அலைச்சல் குறையும், ஆசிரியச் சம்பளத்தில் சேர்த்த பணத்துக்குள் ஐந்து பேர் சமாளிக்க முடியுமா என்பவற்றைப் போய்வந்தவர்கள் தயவுசெய்து விளக்கமாக எழுதினால் பேருதவியாக இருக்கும்.

பண்டாரவளை வாசகி:

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். 2023 டிசம்பரில் நாங்கள் என் மாமியாரை அழைத்துக்கொண்டு சிங்கப்பூர் போய்வந்தோம். அவரும் உங்கள் அம்மாவைப் போலத் தோட்டத்தில் வேலை செய்தவர்தான், அவருக்கும் முழங்கால்தான் பிரச்சினை. எனவே எனக்கு நேரில் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் புகையிலை. வாயில் போட்டு மெல்லும் புகையிலை சிங்கப்பூரில் முற்றாகத் தடைசெய்யப்பட்ட பொருள். கொண்டு போவதே குற்றம், சொந்தப் பாவனைக்கு என்று சொல்லியும் பயனில்லை. சுயிங்கத்தையும் கொண்டு போகக்கூடாது. வெற்றிலை அப்படியல்ல. லிட்டில் இந்தியாவில் தேக்கா சந்தையைச் சுற்றியுள்ள கடைகளில் பச்சை வெற்றிலை கட்டுக்கட்டாகக் கிடைக்கும். ஆனால் கண்ட இடத்தில் துப்பினால் தண்டம் கட்ட நேரிடும். மாமியார் பயணத்துக்கு ஒரு மாதத்துக்கு முன்பிருந்தே புகையிலையைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டு வந்தார்; முதல் வாரம் தலைவலியும் கோபமுமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. உங்கள் அம்மாவிடம் இதை இப்போதே கதைத்துவிடுங்கள். விமானநிலையத்தில் முடிச்சை அவிழ்த்து வாங்கி எறியும் நிலை ஒரு வயதான தாய்க்கு வரக்கூடாது.

மருந்துகள் பற்றியும் கவனம் தேவை. இரத்த அழுத்த மாத்திரைகளால் சிக்கல் இல்லை. ஆனால் கடுமையான வலி நிவாரணிகளிலும் தூக்க மாத்திரைகளிலும் சிலவற்றுக்கு அந்நாட்டுச் சுகாதார அதிகாரிகளின் முன்னனுமதி பெறவேண்டும். அம்மாவின் வலி மாத்திரையில் என்ன மருந்து இருக்கிறது என்று மருத்துவரிடம் கேட்டு, மருந்துச் சீட்டை ஆங்கிலத்தில் எழுதி வாங்கி, மாத்திரைகளை அவற்றின் உறையோடே கொண்டு செல்லுங்கள்.

நடையைப் பற்றிக் கேட்டீர்கள். விமானச்சீட்டைப் பதியும்போதே சக்கர நாற்காலி உதவி வேண்டும் என்று சொல்லிவிட்டால், கட்டுநாயக்கவிலும் சாங்கியிலும் விமானத்தின் வாசல் வரை தள்ளிச் செல்வார்கள், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. எங்கள் மாமியார் முதலில் வெட்கப்பட்டு மறுத்தார். சாங்கியில் அந்த நீண்ட நடைபாதைகளைக் கண்ட பிறகு ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்துகொண்டார். நகரத்துக்குள் சுரங்க இரயில் நிலையங்கள் எல்லாவற்றிலும் மின்தூக்கி உண்டு, ஆனால் பாதை மாறி ஏறும் நிலையங்களில் நடை அதிகம்.

ஆர்ச்சர்ட் சாலையின் விளக்குகளை நடந்து பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதை நாங்கள் தற்செயலாகத்தான் கண்டுகொண்டோம். அந்தச் சாலையில் வாகனங்கள் ஒரே திசையில், டாங்ளின் பக்கத்திலிருந்து டோபி காட் பக்கமாகச் செல்கின்றன. ஆகவே இரயிலில் ஆர்ச்சர்ட் நிலையம் வரை போய், அங்கே ஓர் ஈரடுக்குப் பேருந்தில் ஏறி, மேல்தட்டின் முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டால், தலைக்கு மேலே விளக்கு வளைவுகள் ஒவ்வொன்றாக வந்து போகும். மேல்தட்டுக்கு ஏறும் படி குறுகலானது. பேருந்து நிற்கும் நேரத்தில் மகன் முன்னும் கணவர் பின்னுமாக நின்று மாமியாரை ஏற்றினார்கள். நெரிசலில் பேருந்து ஊர்ந்து சென்றது எங்களுக்கு வசதியாகப் போயிற்று. மாமியார் முன்கண்ணாடியில் இரு உள்ளங்கைகளையும் பதித்துக்கொண்டு, இறங்கும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாளும் அதே பேருந்தில் போவோம் என்றார், போனோம்.

செலவைப் பற்றி ஒன்று. ஒரு சிங்கப்பூர் டொலர் நம் காசில் இருநூறு ரூபாயைத் தாண்டி நிற்கிறது. உணவங்காடிகளில் ஐந்து, ஆறு டொலருக்கு ஒருவர் வயிறார உண்ணலாம், அந்த ஊருக்கு அது மலிவு. ஆனால் எங்கள் மாமியார் ஆறு டொலர் சோற்றுத் தட்டைப் பார்த்ததும் அதை ரூபாயாக மாற்றி, ஒருநாள் கொழுந்துக்குக் கிடைத்த சம்பளத்தைவிட அது அதிகம் என்று சொல்லி, பாதி உண்டுவிட்டு மீதியைக் கட்டித் தரச் சொன்னார். இரண்டாம் நாளிலிருந்து நாங்கள் விலையை அவர் முன்னால் சொல்வதை நிறுத்திவிட்டோம். உண்ட தட்டுகளை நாமே எடுத்துச் சென்று உரிய இடத்தில் வைக்கவேண்டும் என்பது அங்கே 2021 முதல் கட்டாயம். அது அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. தட்டை வைத்துவிட்டு வந்து மேசையையும் துடைத்தார்.

ஸ்வெட்டரை மறக்காதீர்கள். வெளியே புழுக்கம்தான், ஆனால் இரயிலிலும் கடைத்தொகுதிகளிலும் நுவரெலியா மார்கழிக் குளிரை உள்ளே அடைத்து வைத்ததுபோல் இருக்கும். குடையும் அவசியம், டிசம்பர் அங்கே மழை மாதம்.

தலவாக்கலை நண்பர்:

வணக்கம். நான் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையொன்றில் ஏழு ஆண்டுகள் வேலை செய்து திரும்பியவன். அங்கே கழித்த ஏழு நத்தார்களில் ஐந்தில் வேலை இருந்தது, இரண்டில்தான் விடுமுறை கிடைத்தது. எனவே உல்லாசப் பயணியின் கண்ணால் அல்லாமல், ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவுக்கு வந்து போன தொழிலாளியின் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

உங்கள் அம்மாவின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் மற்ற எல்லாவற்றையும் அதையொட்டித்தான் தீர்மானிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். தமிழ்த் திருப்பலி கிடைக்கும். ஓஃபிர் சாலையில் உள்ள லூர்து மாதா ஆலயம் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கென்றே 1888இல் கட்டி முடிக்கப்பட்ட கோயில். பிரான்சின் லூர்து நகர்ப் பேராலயத்தை மாதிரியாகக் கொண்டு எழுப்பியது என்பார்கள். கூர்ங்கோபுரத்தோடு வெள்ளையாக நிற்கும். அங்கே இன்றும் தமிழில் பூசை நடக்கிறது. நத்தார் முந்தின இரவுக்கான நேரங்களை ஆலயத்தார் முன்கூட்டியே அறிவிப்பார்கள், போகும் முன் அதைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். நான் போன இரண்டு இரவுகளிலும் உள்ளே இடம் நிறைந்து, முற்றத்திலும் ஆட்கள் நின்றார்கள். தஞ்சாவூர்க்காரர், திருநெல்வேலிக்காரர், யாழ்ப்பாணத்தார், நம் தோட்டத்துப் பிள்ளைகள், நான்கு தலைமுறையாக அங்கேயே வாழும் குடும்பங்கள் என்று எல்லோரும் ஒரே பாட்டைச் சற்று வெவ்வேறு உச்சரிப்பில் பாடுவதை அங்கேதான் முதன்முதலில் கேட்டேன். வீட்டை நினைத்து அழுதுகொண்டுதான் போனேன், திரும்பும்போது அப்படி இருக்கவில்லை. அம்மாவுக்கு உட்கார இடம் வேண்டுமென்றால் ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்விட வேண்டும்.

தங்குவதற்கு லிட்டில் இந்தியாவைத்தான் சொல்வேன். அங்கிருந்து அந்த ஆலயம் நடக்கக்கூடிய தூரத்தில்தான் இருக்கிறது. அம்மாவுக்கு அது கடினமென்றால் டவுன்டவுன் இரயில் பாதையில் அடுத்த நிலையமான ரோச்சோரில் இறங்கலாம். பூசை முடிந்து நள்ளிரவுக்குப் பின் டாக்சி எடுத்தால், காலை ஆறு மணி வரை மீட்டர் கட்டணத்துக்கு மேல் அதில் பாதியைக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். ஆனால் அவ்வளவு குறுகிய தூரத்துக்கு அது பெரிய சுமையல்ல. சிராங்கூன் சாலையில் பெயர்ப்பலகைகளைத் தமிழிலும் காணலாம். தமிழ் அந்நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று என்பதை நாம் புத்தகத்தில் படித்திருப்போம், ஆனால் இரயில் நிலையத்தின் பெயரைத் தன் மொழியில் தானே எழுத்துக்கூட்டிப் படிக்கும்போது அம்மாவுக்கு வரும் தைரியம் வேறு. இட்லி, தோசை, இடியப்பம் எல்லாம் கைக்கெட்டிய தூரத்தில் கிடைக்கும். ஞாயிறு மாலைகளில் மட்டும் தொழிலாளர்கள் பெருந்திரளாக அங்கே கூடுவார்கள். அந்த நேரத்தில் அம்மாவை அறையில் ஓய்வெடுக்க விடுங்கள்.

ஆர்ச்சர்ட் சாலையைப் பற்றி என் அபிப்பிராயம் கொஞ்சம் மாறுபட்டது. அந்த விளக்கலங்காரம் 1984இல் சுற்றுலாவை வளர்ப்பதற்காகத் தொடங்கப்பட்டது. அது கடைத்தெருவின் நத்தார், கோயிலின் நத்தார் அல்ல. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் 24ஆம் திகதி இரவு அங்கே முதியவரோடு போகவே வேண்டாம். பாதசாரிகள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு நகரும் அளவுக்குக் கூட்டம் சேரும். நான் ஒருமுறை டோபி காட்டிலிருந்து ஆர்ச்சர்ட் நிலையம் வரை போக ஒன்றரை மணி நேரமானது. மற்ற நாட்களில் அது அரைமணி நடை. முக்கியமாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: அந்த விளக்குகள் நவம்பர் நடுப்பகுதியிலேயே ஏற்றப்பட்டு, புத்தாண்டு வரை எரியும். விளக்குப் பார்ப்பதற்காக நத்தார் வாரத்தில்தான் போகவேண்டும் என்பதில்லை. அந்தக் கடைசி வாரத்தில் அறை வாடகையும் விமானச்சீட்டும் ஏறிவிடும், பத்து நாட்கள் முன்னதாகப் போனால் அதே விளக்குகளைக் குறைந்த செலவில், குறைந்த நெரிசலில் பார்க்கலாம்.

பிள்ளைகளுக்கு இரண்டு இடங்கள். மரினா விரிகுடாப் பக்கத்துப் பூங்காவில் ஐம்பது மீட்டர் வரை உயர்ந்த செயற்கைப் பெருமரங்கள் 18 உண்டு, இரவில் இசைக்கேற்ப அவற்றில் ஒளி மாறும் காட்சி இலவசம். நத்தார் காலத்தில் அதே வளாகத்தில் கட்டணம் வாங்கும் நிகழ்ச்சியொன்றும் நடப்பதால், எது இலவசம், எந்த நேரம் என்பதைப் போகும் நாளன்று சரிபார்க்க வேண்டும். மற்றது சாங்கி விமானநிலையத்தை ஒட்டி 2019இல் திறக்கப்பட்ட ஜுவல் கட்டடத்தின் நீர்வீழ்ச்சி. நாற்பது மீட்டர் உயரம். கட்டடத்துக்குள் விழும் நீர்வீழ்ச்சிகளில் உலகிலேயே உயரமானது. டெவன் நீர்வீழ்ச்சியின் தொண்ணூற்றேழு மீட்டரை நாள்தோறும் பேருந்து யன்னலால் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த உயரம் வியப்பில்லை, ஆனால் கூரையின் நடுவிலிருந்து தண்ணீர் விழும்போது சுற்றிலும் மரங்கள் அடுக்கடுக்காக நிற்பதைக் காண வேண்டும். ஊர் திரும்பும் நாளில் விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகப் போய், அம்மாவை அங்கே ஒரு வாங்கில் உட்கார வைத்துவிடுங்கள்.

ஹப்புத்தளை வாசகர்:

மேலே எழுதியவர்கள் விட்டுவிட்ட ஒன்றை மட்டும் சொல்கிறேன். இலங்கைக் கடவுச்சீட்டில் சிங்கப்பூருக்குக் குறுகிய காலப் பயணம் செல்ல விசா தேவையில்லை. இது தெரியாமல் எங்கள் பக்கத்து நகரமொன்றில் உள்ள பயண முகவர் ஒருவரிடம் நான்கு பேருக்கும் "விசாக் கட்டணம்" என்று பணம் கட்டிவிட்டோம். பற்றுச்சீட்டும் தந்தார், அதில் எதற்கான பணம் என்று எழுதியிருக்கவில்லை. உண்மை தெரிந்து போய்க் கேட்டபோது அது "சேவைக் கட்டணம்" ஆகிவிட்டிருந்தது. என் தங்கை தையல் தைத்துச் சேர்த்த காசு அதில் இருந்தது என்பதால் இன்னும் மனம் ஆறவில்லை.

உங்களுக்குத் தேவையானவை இவைதான்: பிள்ளைகள் உட்பட ஒவ்வொருவருக்கும் ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, திரும்பிவரும் விமானச்சீட்டு, தங்குமிடப் பதிவு, செலவுக்குப் போதிய பணம் இருப்பதைக் காட்டும் சான்று, அத்தோடு மின்னணு வருகை அட்டை. அந்த அட்டையைச் சிங்கப்பூர்க் குடிவரவு அதிகார சபையின் இணையத்தளத்தில், போய்ச்சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். அதற்கு ஒரு சதமும் கட்டணம் இல்லை. பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசுத் தளம் அல்ல, உடனே மூடிவிடுங்கள்.

நோர்வூட் ஆசிரியர்:

இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு மூவருக்கும் மனமார்ந்த நன்றி. புகையிலை விடயத்தை நேற்றிரவே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தவக்காலத்துல விட்டவதானே, விட்டுரலாம்" என்றார்.

இப்போது இரண்டு சிக்கல்கள் எழுந்துள்ளன. அம்மாவின் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் சற்று வேறான பெயரும் இருப்பதைக் கடவுச்சீட்டுக்காக ஆவணங்களை எடுத்தபோதுதான் கவனித்தேன். அவர் பிறந்தபோது பதிவு செய்தவர் காதில் விழுந்தபடி எழுதியிருக்க வேண்டும். இதனால் கடவுச்சீட்டு தடைப்படுமா? மற்றது, தலவாக்கலை நண்பர் சொன்னதைப் படித்த பின் நாட்களை மாற்றலாமா என்ற யோசனை வந்திருக்கிறது. முன்னதாகப் போனால் செலவு குறையும், ஆனால் அந்த நள்ளிரவுத் திருப்பலி கிடைக்காது. அம்மா கேட்ட ஒரே விடயத்தை நானே இல்லாமல் செய்துவிடுவேனோ என்று அஞ்சுகிறேன்.

பதுளை ஓய்வுபெற்ற தாதி:

தம்பி, பெயர்ச் சிக்கலை முதலில் பார்த்துவிடுங்கள், மற்றது பிறகு. நம் தோட்டப் பகுதிகளில் இந்தக் குறை இல்லாத குடும்பம் அரிது. மருத்துவமனையில் முப்பது ஆண்டுகள் நோயாளிகளின் பெயர்களை எழுதியவள் என்பதால் இதை நான் நன்றாக அறிவேன்: ஒரே பெண்மணி அட்டையில் ஒரு பெயராகவும், சேமலாப நிதிக் கடிதத்தில் வேறொரு பெயராகவும், பிறப்புப் பதிவில் மூன்றாவது பெயராகவும் இருப்பார். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் திருத்தம் செய்ய உங்கள் பிரதேச செயலகத்தில் உள்ள பதிவாளர் பிரிவுக்குச் செல்லுங்கள். ஞானஸ்நானப் பதிவேட்டின் பிரதியைப் பங்குக் கோயிலில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பழைய பதிவேடுகளில் அம்மாவின் பெயர் பிழையில்லாமல் இருந்தால் அது நல்ல துணைச்சான்று. இதற்கு வாரக்கணக்கில் அல்ல, மாதக்கணக்கில் ஆகலாம் என்று எண்ணிக்கொண்டு இன்றே தொடங்குங்கள். அது சரியாகும்வரை விமானச்சீட்டுக்குப் பணம் கட்டாதீர்கள், ஏனெனில் சீட்டில் உள்ள பெயரும் கடவுச்சீட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். கடவுச்சீட்டுக்காகப் பத்தரமுல்லை வரை அம்மாவை அலைக்கழிக்க வேண்டியதில்லை, கண்டியிலும் அலுவலகம் உண்டு.

நாட்களைப் பற்றிக் கேட்டீர்கள். அம்மா உங்களிடம் கேட்டது சிங்கப்பூரில் நள்ளிரவுப் பூசை வேண்டும் என்றா, அல்லது நத்தார் இரவில் பூசை தவறிப் போய்விடக்கூடாது என்றா? இரண்டும் ஒன்றல்ல. நான் என் மகள் வீட்டுக்காக ஒரு நத்தாருக்குக் கோலாலம்பூரில் இருந்தேன். நல்ல நகரம், நல்ல விளக்குகள், மகள் என்னை ஒரு குறையும் இல்லாமல் பார்த்துக்கொண்டாள். ஆனால் 24ஆம் திகதி மாலையானதும் என் மனம் முழுவதும் பதுளையில்தான் இருந்தது. கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் எல்லாம் பையோடு வந்து இறங்கும் நேரம், லயத்துக்கு லயம் கரோல் பாடிக்கொண்டு வருபவர்களுக்குத் தேநீர் ஊற்றும் நேரம், பாலன் குடிலுக்கு ஓடைக்கரைப் பாசியைப் பெயர்த்துவரும் நேரம். வயதானவர்களுக்கு ஒவ்வொரு நத்தாரும் கணக்கில் சேரும், தம்பி. ஆகவே நீங்களாக முடிவு செய்யாமல், அவரிடமே இரண்டையும் வைத்துக் கேளுங்கள். செலவைச் சொல்லாமல் கேளுங்கள், சொன்னால் மலிவானதைத்தான் தேர்ந்தெடுப்பார்.

எந்த நாளில் போனாலும், டிசம்பரில் மலையிலிருந்து இறங்கும் பாதையை நம்பி அதே நாளில் விமானம் பிடிக்க எண்ணாதீர்கள். கினிகத்தேனைக்கும் கித்துல்கலவுக்கும் இடையில் ஒரு மண்சரிவு போதும், ஐந்து பேரின் சீட்டும் போய்விடும். முதல்நாளே புறப்பட்டு அவிசாவளை வழியாக இறங்கி, நீர்கொழும்பில் ஓர் இரவு தங்குங்கள். அம்மாவின் காலுக்கும் அது நல்லது.

தலவாக்கலை நண்பர்:

பதுளை அம்மா சொன்னது சரியென்றே எனக்கும் படுகிறது. ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன்: முன்னதாகப் போனாலும் லூர்து மாதா ஆலயத்தில் தமிழ்ப் பூசைக்குப் போக முடியும். ஞாயிற்றுக்கிழமை ஒன்று உள்ளடங்கும்படி நாட்களை அமைத்துக்கொள்ளுங்கள். திருவருகைக்காலத்து ஞாயிறு என்பதால் கூட்டம் அளவாக இருக்கும், அம்மாவுக்கு முன்வரிசையிலேயே இடம் கிடைக்கலாம்.

நோர்வூட் ஆசிரியர்:

பதுளை அம்மா சொன்னபடியே, செலவைப் பற்றி எதுவும் சொல்லாமல், இரண்டு விதமாகவும் போகலாம் என்று கூறி அம்மாவிடம் கேட்டேன். அவர் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சுளகைக் கீழே வைக்காமலேயே சொன்னார்: "ஊரப் பார்க்கணும்தான், ஆசையாத்தான் இருக்கு. ஆனா பொறப்புப் பூசைக்கு நம்ம கோயில்ல இருக்கணும் சாமி. நா இல்லாட்டி குடிலுக்கு யாரு பாசி எடுத்தாருவா?" ஆண்டுதோறும் அந்தப் பாசியை எடுத்து வருபவர் அவர்தான் என்பது எனக்குத் தெரியும், ஆனால் நாட்களைக் குறித்தபோது அது என் நினைவுக்கு வரவில்லை.

ஆகவே பாடசாலை விடுமுறை தொடங்கியதும் புறப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமையை உள்ளடக்கி, 20ஆம் திகதிக்கு முன்னர் வீடு திரும்பும்படி நாட்களை மாற்றுகிறோம். லிட்டில் இந்தியாவில் அறை பார்க்கத் தொடங்கிவிட்டேன். பெயர்த் திருத்தத்துக்காகப் பிரதேச செயலகத்துக்குத் திங்கட்கிழமை விடுப்பெடுத்துக்கொண்டு போகிறேன். ஞானஸ்நானப் பதிவேட்டைத் தேடித் தருவதாகப் பங்குத்தந்தை சொல்லியிருக்கிறார். பண்டாரவளை சகோதரியிடம் ஒரு சிறு கேள்வி மட்டும்: அந்த ஈரடுக்குப் பேருந்தின் மேல்தட்டு முன்வரிசையில் எத்தனை பேர் உட்காரலாம்? அம்மாவுக்குப் பக்கத்தில் யார் உட்காருவது என்று பிள்ளைகள் இப்போதே சண்டை பிடிக்கிறார்கள்.

பண்டாரவளை வாசகி:

நாங்கள் ஏறிய பேருந்தில் நடைவழிக்கு இருபுறமும் இரண்டிரண்டு இருக்கைகளாக நான்கு பேர் உட்காரலாம். அம்மாவை இடப்புறத்தில் நடைவழி ஓரமாக உட்காரவைத்து, யன்னலோரத்தில் ஒரு பிள்ளையையும், நடைவழிக்கு அப்பால் மற்றப் பிள்ளையையும் உட்கார வையுங்கள், இருவருக்கும் பாட்டி பக்கத்தில்தான் இருப்பார். இருட்டிய பிறகு, ஏழரை மணியளவில் ஏறினால் நல்லது.